இளங்குழவியரின் வலிப்பு மருந்தும் இல்லத்தார் கடமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் இன்று மருந்தைப் பற்றிப் பேச எழுந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நன்னூலும் காரிகையும் ஓதினவர்க்கு ஈரலின் தொழிலும் இரத்தத்தின் இயல்பும் எங்ஙனம் தெரியும் என்று வினவுவது நியாயமே. யாம் மருத்துவரல்லோம், மருத்துவர்பால் கேட்டும் அவர் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையன்றி வேறொன்றும் கூற முற்படோம். ஆயினும் இப்பொருள் எம்மைத் தேடி வந்தது. நம் சங்கத்து இல்லங்களில் வலிப்பு நோய் கண்ட கைக்குழந்தைகளின் பெற்றோர் சிலர், மருந்துப் பெட்டியினுள் மடித்து வைத்திருக்கும் ஆங்கிலத் தாளைக் கொணர்ந்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பாராயினர். படித்துச் சொன்னோம். ஈரல் கெடலாம், எலும்பு மெலியலாம், இரத்தத்தில் அமிலம் மிகலாம் என்று கேட்ட அளவில் அவர்கள் முகம் வாடிய வாட்டத்தை என்னென்பது!

எம்மிடம் வாராமல் தாமே கைப்பேசியின் துணைகொண்டு அத்தாளை மொழிபெயர்த்துப் பார்த்த ஒரு தந்தை அன்றிரவே மருந்தை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் விடியுமுன் குழந்தைக்கு வலிப்பு விடாது தொடர்ந்து வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் கிடந்து அக்குழந்தை பிழைத்தது. மற்றோர் இல்லத்திலோ நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. குழந்தை பால் குடியாமல், வாந்தியெடுத்து, துவண்டு கிடந்தும், "டாக்டர் கொடுத்த மருந்து, ஒருவேளையும் விடக்கூடாது" என்று வாளா இருந்துவிட்டனர். இவ்விரு இல்லத்தாரும் அறிவிலார் அல்லர். குழந்தையிடத்து அன்பிலாரும் அல்லர். மருந்தின் மறுபக்கத்தை எடுத்துரைப்பார் இல்லாமையே இரண்டிற்கும் காரணம். அதனை எடுத்துரைத்தலே இன்றைய எம் வேலை.

முதற்கண், பிறந்து இரண்டு ஆண்டு நிரம்பாத குழந்தையின் உடல் பெரியோர் உடலின் சிறிய வடிவமன்று என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். உட்கொண்ட மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் ஈரலின் தொழில். பிறந்த சில நாட்களில் ஈரலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. ஆதலின் கொடுத்த மருந்து நெடுநேரம் உடலில் தங்கும். சில வாரங்கள் கழிந்தபின் நிலை தலைகீழாக மாறி, எடைக்கு எடை பார்க்குமிடத்துப் பெரியோரினும் விரைவாகக் குழந்தையின் ஈரல் மருந்தைச் சிதைக்கத் தொடங்கும். அளவைச் சிறுகச் சிறுக மாற்றிக்கொண்டே போகிறாரே இந்த டாக்டர், இவருக்கு நிச்சயமில்லையோ என்று ஐயுறுவார் இதனை அறிக. அன்றியும், குழந்தை பசி பொறுக்கும் காலம் சிறிது. ஈரலில் சேமித்த சர்க்கரை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பின்பு கொழுப்பை எரித்தே உயிர் நடத்தல் வேண்டும். இக்கொழுப்பு எரியும் வழியில்தான் ஒரு மருந்து வந்து குறுக்கே நிற்கிறது. அதனைப் பின்னர் விரித்துரைப்போம்.

வலிப்புக்கு இன்றும் வழங்கும் மருந்துகளுள் மிகப் பழையதாகிய பீனோபார்பிட்டோனை முதலில் எடுத்துக்கொள்வோம். 1912-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து இளமருத்துவர் ஆல்பிரெட் ஹாப்ட்மன், நோயாளிகளை உறங்கச் செய்யும் பொருட்டு இதனைக் கொடுத்தபோது, அவர்க்கு வலிப்பும் குறைவதைக் கண்டார். நூறாண்டு கடந்தும் அது வழக்கொழியவில்லை. பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்தால் உலகெங்கும் மருத்துவர் முதலில் எடுப்பது பெரும்பாலும் இதனையே. விலையும் மலிவு. இதன் மறுபக்கம் யாதெனின், ஈரலின் சிதைக்கும் தொழிலை இது முடுக்கிவிடுகிறது. முடுக்கப்பட்ட ஈரல் மருந்தை மட்டுமோ சிதைக்கும்? வைட்டமின் டி என்னும் சத்தையும் சேர்த்துச் சிதைக்கிறது. அச்சத்துக் குறையவே, உணவிலுள்ள சுண்ணச்சத்து குடலினின்றும் இரத்தத்திற் சேர்வது குறைகிறது. நெடுநாள் இம்மருந்து உண்ணும் குழந்தைக்கு எலும்பு மென்மையுற்று ரிக்கெட்ஸ் என்னும் நோய் வரக்கூடும். 1938-ஆம் வருஷம் முதல் வழங்கிவரும் பெனிட்டாயின் என்னும் மருந்துக்கும் இக்குணம் உண்டு.

தாய்ப்பாலில் பிற சத்துகள் பல நிறைந்திருப்பினும் வைட்டமின் டி மிகச் சிறிதே. வெயில்பட்டால் தோலில் அது உண்டாகும் என்பது உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் கைக்குழந்தையை, அதிலும் நோயுற்ற குழந்தையை, கண்ணேறு அஞ்சி உள்ளறையிலேயே கிடத்துகிறோம். வலிப்பில்லாத குழந்தைக்கே முதலாண்டில் நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் டி கொடுக்குமாறு இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தார் கூறுகின்றனர். இவ்வகை மருந்து உண்ணும் குழந்தைக்கு அதனினும் மிகுதி வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதை மருத்துவர் இரத்தம் பார்த்துச் சொல்வார். பல் முளைக்கத் தாழ்த்தல், உச்சிக்குழி மூடாதிருத்தல், மணிக்கட்டு புடைத்தல், நிற்கத் தொடங்கும்போது கால் வளைதல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் குறிகள். கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றுண்டு. அது மிகவும் விபரீதமானது. இரத்தத்தில் சுண்ணச்சத்து மிகக் குறைந்தால் அக்குறைவினாலேயே வலிப்பு உண்டாகும். வலிப்பை அடக்கக் கொடுத்த மருந்து சுண்ணச்சத்தைக் குறைத்து, அக்குறைவு வலிப்பை வருவிக்க, மருந்து போதவில்லை போலும் என்று வீட்டார் எண்ணி, அதனையே இன்னும் சிறிது கூட்டிக் கொடுக்கும் அவலமும் நேரக்கூடும். தம் விருப்பப்படி அளவு கூட்டுவோர் இதனை நன்கு நோக்குக.

நிற்க. எம்மிடம் தாள் கொணர்ந்தோரில் பலர் வினவியது வால்ப்ரோயேட் என்னும் மருந்தைப் பற்றியே. இதன் பிறப்பு வரலாறு சுவையுடையது. 1882-ஆம் வருஷத்தில் பர்ட்டன் என்பவர் இதனை ஆக்கினார். பின்னர் எண்பதாண்டுக் காலம் இது மருந்தாகக் கருதப்படவில்லை. பிற பொருள்களைக் கரைக்கும் நீர்மமாகவே இரசாயன சாலைகளில் கிடந்தது. 1962-இல் பிரான்சு தேசத்தில் எய்மார் என்னும் ஆராய்ச்சியாளர் சில புதுப் பொருள்களை இதிற் கரைத்து, வலிப்பை அடக்குமா என்று விலங்குகளிடத்துச் சோதித்தார். கரைத்தவை எல்லாம் அடக்கின. பின்னரே, அடக்கியது கரைபொருள் அன்று, கரைத்த நீர்மமே என்பது புலனாயிற்று. 1967-இல் பிரான்சில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. பலவகை வலிப்பையும் அடக்கும் திறம் உடைமையால் இன்று நம் நாட்டிலும் பெருவழக்காய் உள்ளது. இனிய பாகாகக் கிடைத்தலின் குழந்தைகளும் மறுக்காமல் உண்ணும்.

இது ஈரலிற் செய்யும் வேலை இரண்டு. முதலாவது, கார்னிட்டைன் என்னும் பொருளைக் குறைத்தல். இலத்தீன் மொழியில் ஊன் என்று பொருள்படும் சொல்லடியாகப் பிறந்த பெயர் இது. 1905-ஆம் வருஷத்தில் இறைச்சிச் சாற்றினின்றும் பிரித்தறியப்பட்டமையின் அப்பெயர் பெற்றது. நம்முடலின் நுண்ணறைகளில் கொழுப்பை எரிக்கும் அடுப்புகள் உள. கொழுப்பு தானே அவ்வடுப்பினுள் புகமாட்டாது. கார்னிட்டைன் என்னும் ஓடம் ஏற்றிக்கொண்டு போய் அக்கரை சேர்த்தல் வேண்டும். வால்ப்ரோயேட்டோ அவ்வோடத்தில் தான் ஏறிக்கொண்டு, ஓடத்தோடு சிறுநீர் வழியே வெளியேறிவிடுகிறது. ஓடங்கள் குறையவே கொழுப்பு எரியாமல் ஈரலிலே தேங்கும். வளர்ந்தோர்க்குப் பிற உணவாலும் உடலின் ஆக்கத்தாலும் இக்குறை எளிதில் நிரம்பும். கைக்குழந்தை கார்னிட்டைனைத் தானே ஆக்கிக்கொள்ளும் வன்மை குறைந்தது, பெரும்பாலும் பாலையே நம்பியிருப்பது. நம்மவரில் புலால் மறுத்தோர், ஊனிலுள்ள பொருளாயிற்றே என்று கலங்க வேண்டா. பாலிலும் அஃது உண்டு, வேண்டுமாயின் மருத்துவர் தனி மருந்தாகவும் கொடுப்பர்.

இரண்டாவது வேலை அம்மோனியாவைப் பற்றியது. நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ள புரதம் சிதையும்போது அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகும். ஈரல் அதனை யூரியாவாக மாற்ற, அது சிறுநீராகக் கழியும். வால்ப்ரோயேட் இம்மாற்றத்தின் முதற்படியிலேயே தடை செய்யும். பெரும்பாலான குழந்தைகட்கு இத்தடை சிறிதளவே. இரத்தத்தில் அம்மோனியா சற்றுக் கூடியிருப்பினும் குழந்தை நன்றாக விளையாடிப் பால் குடிக்கும். எண் கூடியது என்ற ஒன்றைக்கொண்டே மருந்தை மாற்ற வேண்டுவதில்லை என்பது மருத்துவர் கருத்து. ஆனால் அம்மோனியா மிகுந்து மூளையைத் தாக்குமாயின் குழந்தை உறங்கி வழியும், வாந்தியெடுக்கும், எழுப்பினாலும் விழிக்காது. வலிப்பு முன்னையினும் மிகும். ஈரற் பரிசோதனையின் எண்கள் ஒழுங்காயிருக்கும்போதே இது நேர்வதும் உண்டு. ஆதலின் இக்குறி கண்டவிடத்து அம்மோனியாவைத் தனியே பார்க்குமாறு கேட்பது பிழையன்று. அதற்கெடுத்த இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே பரிசோதித்தல் வேண்டும். தாழ்த்தால் எண் பொய் சொல்லும்.

இம்மருந்தால் ஈரல் முற்றும் கெட்டு உயிர்போதல் மிக அரிது. அரிதென்றாலும் யாருக்கு அரிது என்று பார்த்தல் வேண்டும். அமெரிக்காவில் ட்ரைஃபஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் கூட்டாளிகளும் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எல்லா வயதினரையும் சேர்த்து நோக்கினால் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர்க்கே இது நேர்ந்தது. இரண்டு வயதுக்குட்பட்டு, வேறு வலிப்பு மருந்தும் உடனுண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 500-க்கு ஒன்றாக இருந்தது. பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதத்திற்குள்ளேயே இது தோன்றும். அந்த ஆராய்ச்சிக்குப் பின்னர் மருத்துவர் இவ்வயதினர்க்கு இதனைக் கொடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை கொண்டனர். ஆயினும் வேறு மருந்துக்கு அடங்காத வலிப்பில், அறிந்தே இதனைக் கொடுக்க வேண்டிய நிலையும் உண்டு. வலிப்பு தானும் மூளையைக் கெடுப்பதன்றோ? ஆதலின் இதனைக் கொடுத்த மருத்துவரைக் கொடியவராக எண்ணுதல் தகாது.

அங்ஙனமாயின் அந்த 500-இல் ஒருவர் யாவர்? இங்குத்தான் நம் இல்லத்தார் வாய் திறத்தல் வேண்டும். ஈரல் கெட்ட குழந்தைகளுட் சில, பிறவியிலேயே வேறொரு குறையை மறைவாகக் கொண்டவை என்பது இன்று தெளிவாகியுள்ளது. நுண்ணறையின் அடுப்புகளைக் காக்கும் 'போல்ஜி' என்னும் மரபுக்கூற்றில் பழுதுள்ள குழந்தைக்கு வால்ப்ரோயேட் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறையார் எச்சரிக்கைக் கட்டமே அச்சிடச் செய்துள்ளனர். அம்மோனியாவை யூரியாவாக்கும் வல்லமை பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கும் இதனை விலக்கியுள்ளனர். போல்ஜிப் பழுது தந்தை, தாய் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பங்காக வந்தால்தான் நோயாக வெளிப்படும். அவ்விருவரும் நோயில்லாதவராகவே இருப்பர். ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அம்மோனியாக் குறையில் மிகுதியாகக் காணப்படும் வகையோ தாய்வழியே ஆண்மக்களைப் பற்றும். அவ்வீட்டில் ஆண் குழந்தைகள் பிறந்த சின்னாளில் காரணம் தெரியாமல் இறந்திருக்கும்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் மணப்பது நம் வழக்கம். தமிழ்நாட்டில் இவ்வழக்கம் இந்தியாவின் பிற பல பகுதிகளினும் மிகுதி. இவ்வழக்கத்தை இழித்துரைக்க யாம் இங்கு வரவில்லை. எம் பாட்டனாரும் அக்காள் மகளையே மணந்தவர். ஒரே குடியில் மணப்போர்க்கு ஒரே பழுதின் இரண்டு பங்கு வந்து சேரும் வாய்ப்பு மிகும் என்னும் உண்மையை மட்டும் மறவாதிருக்க வேண்டுகிறோம். "நீங்கள் இருவரும் சொந்தமா? குடும்பத்தில் குழந்தைகள் இறந்ததுண்டா?" என்று குழந்தை மருத்துவர் கேட்பது வம்புப் பேச்சன்று, எம்மருந்து தருவது, எதனை விலக்குவது என்று துணியவே கேட்கிறார். நம்மவர் அதற்கு என்ன விடை சொல்கின்றனர்? "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்கின்றனர். ஏன்? இன்னொரு பெண் மணத்திற்கு நிற்கிறாள். "அந்த வீட்டில் இழுப்பு நோய் உண்டாம், பிள்ளைகள் தங்காதாம்" என்ற சொல் வெளியே போனால் சம்பந்தம் கூடாது என்ற அச்சம்.

முன்னர்க் கூறிய இரண்டாம் இல்லத்தில் நிகழ்ந்தது இதுவே. ஒன்பது மாத ஆண் குழந்தை. இரண்டு மருந்து உண்டுவந்தது, அவற்றுள் ஒன்று வால்ப்ரோயேட். துவட்சியைக் கண்ட பாட்டியார் மாந்தம் என்று கருதி ஓமநீர் புகட்டினார். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அங்கிருந்த மருத்துவர் முன்சொன்ன வினாவைக் கேட்க, பாட்டியார் இல்லையென்று தலையசைத்தார். மறுநாள் குழந்தை மயங்கிற்று. அப்போது உடன்வந்திருந்த தாயின் பெரியம்மாள், வராந்தாவில் நின்ற செவிலியை அழைத்து, "இவள் கூடப் பிறந்த ஆண்பிள்ளைகள் இரண்டு, பத்து நாளைக்குள் போய்விட்டன அம்மா, எங்கள் அக்காள் சொல்லமாட்டாள்" என்றார். அச்சொல் மருத்துவரை எட்டிய அரைமணியில் அம்மோனியாவுக்கு இரத்தம் எடுக்கப்பட்டது; எண் பன்மடங்காயிருந்தது. வால்ப்ரோயேட்டை நிறுத்தி, மாற்று மருந்தை ஊசிவழி செலுத்தி, புரத உணவைத் தடுத்து, அம்மோனியாவை அகற்றும் மருந்து கொடுத்தனர். குழந்தை பிழைத்தது. பின்னர்ச் செய்த மரபுப் பரிசோதனையில் பிறவிக்குறை உறுதியாயிற்று. அக்குழந்தைக்கு இன்று தனி உணவு, தனி மருந்து. நடக்கச் சற்றுத் தாழ்த்தது. அந்த இரண்டு குழந்தைகளின் மரணத்தை முதல்நாளே கூறியிருந்தால் அம்மருந்தே எழுதப்பட்டிராது. பாட்டியாரை யாம் குறைகூறோம். பெற்ற பிள்ளைகள் இருவரைப் புதைத்த தாய் அவர். அதனை நாற்பதாண்டு ஒருவரிடமும் பேசாமல் வைத்திருந்தார். பேசவிடாமற் செய்தது யார்? சம்பந்தம் பேசும்போது இழுப்பையும் பிள்ளைச் சாவையும் குற்றம்போல் துருவி ஆராயும் நாமே.

இதனைச் சொல்லும்போது சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். இந்து விவாகச் சட்டத்தில் 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் காக்கை வலிப்புடையோரின் மணத்திற்குத் தடை சேர்த்தது. 1999-ஆம் வருஷத்தில் அத்தடை நீக்கப்பட்டது. சட்டம் விட்டதை நாம் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனிப் பிற மருந்துகளைச் சுருங்கச் சொல்வோம். டோப்பிராமேட், சோனிசமைடு என்னும் இரண்டும் இரத்தத்தில் அமிலத்தை மிகுவிக்கக்கூடும். குழந்தை வேகமாக மூச்சுவிடும், பாலில் விருப்பம் குறையும், எடை ஏறாது. நெடுநாளில் சிறுநீரகத்திற் கல்லும் உண்டாகலாம். இவற்றின் மற்றொரு குணம் நம் நாட்டுக்கு மிகவும் பொருந்துவது. இவை வியர்வையைக் குறைக்கும். வியர்வையின்றி உடல் தன் வெப்பத்தை வெளிவிடுவது எங்ஙனம்? சித்திரை, வைகாசி மாதத்தில், ஓட்டு வீட்டில், துணியைச் சுற்றிக் கிடத்திய குழந்தை தொட்டால் கொதித்து, ஒரு துளியும் வியர்க்காதிருக்குமாயின், காய்ச்சல் என்று மட்டும் எண்ணி மூடிப்போர்த்துதல் ஆகாது. துணியைக் களைந்து, நீரால் துடைத்து, காற்றாட வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க. கார்பமசெபைன் வகை மருந்துகள் இரத்தத்தில் உப்பைக் குறைக்கக்கூடும். இக்காலத்தில் குழந்தைகட்குப் பெரிதும் கொடுக்கப்படும் லெவெடிராசெட்டம் என்பது ஈரலை அதிகம் வருத்தாது. ஆனால் சில குழந்தைகளை ஓயாத சிணுங்கலும் சினமும் உடையனவாக்கும்.

கைக்குழந்தைகட்கே உரிய ஒருவகை இழுப்பு உண்டு. குழந்தை தலை கவிழ்ந்து, இரு கையும் முன்னே மடங்கி, கும்பிடுவது போல அடுத்தடுத்துச் செய்யும். "எங்கள் கண்மணி சாமி கும்பிடுகிறது" என்று மகிழும் தாய்மாரும் உளர். 1841-ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து மருத்துவர் வெஸ்ட் என்பவர் தம் மகனுக்கே வந்த இந்நோயைக் கண்டு, தம்மால் தீர்க்க இயலாமையை மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி, பிறர் உதவியை வேண்டினார். தக்க மருந்து கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1958-இல் பெல்ஜியம் தேசத்து சோரெல் என்பவரும் அவருடன் உழைத்தவரும் ஏ.சி.டி.எச். என்னும் ஊசியால் இது அடங்குவதை வெளியிட்டனர். இன்று அவ்வூசியோ பிரெட்னிசோலோன் என்னும் மருந்தோ சில வாரம் கொடுக்கப்படும். இவ்வகையால் குழந்தைக்குப் பசி மிகும், முகம் உருண்டு கன்னம் பூரிக்கும். "மருந்து தேறியிருக்கிறது, பிள்ளை கொழுத்துவிட்டது" என்று பாட்டிமார் திருஷ்டி கழிக்கின்றனர்! அது கொழுமையன்று. இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறியிருக்கலாம், பொட்டாசியம் குறைந்திருக்கலாம், தொற்றுநோயை எதிர்க்கும் வலிமை தாழ்ந்திருக்கலாம். அதனாலேயே வாரந்தோறும் அழுத்தம் பார்க்க வருமாறு சொல்கின்றனர்; பேருந்துச் செலவை எண்ணி அதனை விடாதீர். தடுப்பூசி போடுமிடத்தில் இம்மருந்து உண்பதை மறவாது சொல்க. திடீரென நிறுத்தினாலோ, இது கொடுக்கும் காலத்தில் தன் வேலையை மறந்திருந்த சுரப்பி உடனே விழிக்காது; குழந்தை சோர்ந்து விழும்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் சொன்னதோடு அமையாது, பக்கத்திலிருந்து கொடுப்பவனையும் ஒரு கூறாக வைத்தார். கைக்குழந்தையின் திறத்தில் நோயாளிக்கு வாயில்லை. கொடுப்பவரே நோயாளிக்காகவும் பேச வேண்டியவராகிறார். ஆதலின் கொடுக்கும் முறையைப் பற்றிச் சில கூறல் வேண்டும். கரண்டிக்குக் கரண்டி அளவு வேறுபடும். மருந்துடன் வரும் அளவுக்குழலால் மட்டுமே அளக்க. சங்கில் புகட்டும் வழக்கமுடையோர் குழலால் அளந்து சங்கில் விட்டு, சிறிது பாலோ நீரோ விட்டு அலசி அதனையும் புகட்டுக, ஒட்டியிருப்பது மருந்தன்றோ! பெனிட்டாயின் பாகு அடியில் தங்கும் இயல்பினது. நன்கு குலுக்காவிடின் புட்டியின் தொடக்கத்தில் நீரும் முடிவில் நஞ்சும் கொடுத்தவராவோம். கடைக்காரர் வேறு பெயருள்ள புட்டி தந்தால் ஐந்து மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று ஒப்பிட்டுப் பார்க்க. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டா. அது குழந்தைகட்கு ஆகாது, வால்ப்ரோயேட்டுடன் சேர்ந்தால் அதன் வலிமையையும் கூட்டும். வலிப்புக்கென்று ஊர்தோறும் விற்கும் பெயரில்லாப் பொடிகளிற் சிலவற்றில் பீனோபார்பிட்டோனே கலந்திருந்தமை பரிசோதனையில் வெளிப்பட்டதுண்டு. பொடி கேட்டது என்று மகிழ்வோர் அறியாமலே இரட்டை மருந்து கொடுக்கின்றனர். இடையே ஒன்று: சளிக்கென்று நெஞ்சிலும் உச்சியிலும் கற்பூர எண்ணெய் தேய்ப்பதை வலிப்புக் குழந்தை உள்ள வீட்டில் அறவே விடுக, கற்பூரம் தானே வலிப்பை எழுப்பும் பொருள்.

எப்போது அஞ்ச வேண்டும் என்பது தாய்மார் வினா. மருந்து தொடங்கிய பின் மீண்டும் மீண்டும் வாந்தி, பால் மறுத்தல், வழக்கத்திற்கு மாறான உறக்கம், முகம் வீங்குதல், கண் மஞ்சளாதல், அடங்கியிருந்த வலிப்பு காரணமின்றித் திரும்புதல் என்னும் இவற்றுள் ஒன்று கண்டாலும் மறுநாள் வரை காத்திராமல், இரவாயினும் மருத்துவமனைக்குச் செல்க. காய்ச்சலோ பேதியோ வந்து குழந்தை பால் குடியாத நாளில் இன்னும் விழிப்பு வேண்டும். பட்டினி கிடக்கும் குழந்தையிடத்தேதான் கார்னிட்டைன் குறைவும் அம்மோனியாப் பெருக்கமும் தலைகாட்டும். மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்க. போகும் வழியில் அடுத்த வேளை மருந்து கொடுப்பதா, விடுவதா என்று தாமே துணியாமல், மருத்துவரைத் தொலைபேசியிலேனும் கேட்டுச் செய்க. ஈரல் பழுதைக் காலத்தே கண்டு கார்னிட்டைனை ஊசிவழி செலுத்திப் பிழைப்பித்த குழந்தைகள் உண்டு. தாழ்த்து வந்தவர்க்கு அது பயன்படுவது அரிது.

கடைசியாக ஒன்று. வலிப்புக்கு மருந்துண்ணும் குழந்தை உள்ள ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும் என்று சங்கத்தாரிடம் விண்ணப்பித்தோம். அச்சிட்டுக் கொடுக்க அவர்களும் இசைந்தனர். மருந்தின் பெயர், புட்டியில் உள்ள வலிமை, வேளைக்கு எத்தனை மில்லி, மாதந்தோறும் குழந்தையின் எடை, வலிப்பு வந்த நாள், இரத்தப் பரிசோதனையின் எண் ஆகியவற்றை அதில் எழுதிவருக. முதற்பக்கத்தில் தாய்தந்தையர் உறவுமுறையையும், இருவழியிலும் இளமையில் இறந்த குழந்தைகள் இத்தனை, ஆணோ பெண்ணோ, எத்தனை நாளில் இறந்தன என்பதையும் எழுத இடம் விட்டிருக்கிறோம். பெண் பார்க்க வருவோர் கண்ணிற் படும் என்று அஞ்சுவோர் அப்பக்கத்தைக் கிழித்தெடுத்து, மடித்து, மருத்துவர் கையில் மட்டும் கொடுக்கலாம். எளிதிற் கிழியுமாறு துளையிட்டே அச்சிடச் சொல்லியிருக்கிறோம். ஏடுகள் வாயிலருகே மேசைமேல் உள்ளன. எழுதத் தெரியாத பாட்டிமார் இருப்பின், சொல்லச் சொல்ல யாமே இருந்து எழுதித் தருவோம்.